மூன்றாம் சிலிண்டரில் தண்ணீர்

மார்ச் 3
இரண்டு நாள் சும்மா நின்ற போட். காலையில் செல்ஃப் போட்டதும் என்ஜின் பாதிச் சுற்று சுற்றி, "டொக்" என்று நின்றுவிட்டது. பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. மறுபடி பட்டனை அழுத்தக் கை போனது, நல்லவேளை, அழுத்தவில்லை. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் கல்லில் முட்டியதுபோல நின்றது.

மார்ச் 4
கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றினேன். துவாரங்கள் மேல் துணி போட்டுக் கையால் மெல்லச் சுற்றினேன். முதல் இரண்டும் காய்ந்து கிடந்தன. மூன்றாவது "புளிச்" என்று துணியை நனைத்தது. இன்னொரு சுற்று, இன்னொரு புளிச். நான்கைந்து சுற்றுக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. அத்தனையும் ஒரே சிலிண்டரில் இருந்திருக்க முடியாது, எங்கிருந்தோ நிரம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சைலன்ஸரின் அடிப்பிளக்கைத் திறந்தேன். நிறையவே தண்ணீர் கொட்டியது. சைலன்ஸரில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. உடனே ஆயிலை மாற்றி, சிலிண்டர்களில் ஆயில் ஊற்றிச் சுற்றிவிட்டேன். உப்புத் தண்ணீரென்றால் துரு ஒரே ராத்திரியில் பிடித்துவிடும்.

மார்ச் 5
ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்தான் போயிருக்கும் என்று ஸ்பேனர் செட்டைப் பரப்பி வைத்துவிட்டேன். மெக்கானிக் தம்பி போனில் சிரித்தான்: "அண்ணே, ஹெட்டத் தொடாதீங்க. அது எந்தத் தண்ணின்னு முதல்ல பாருங்க."

சரிதான். என் என்ஜினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஹெட்டையும் பிளாக்கையும் சுற்றுவது பச்சைக் கூலண்ட். கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அந்தக் கூலண்டைக் குளிர்வித்துவிட்டு, எக்ஸாஸ்ட் எல்போவில் புகையோடு கலந்து வெளியே போகும். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டருக்கு வருவது கூலண்ட்.

துணியைப் பிழிந்து எடுத்து வைத்திருந்த தண்ணீரில் சில சொட்டை ஒரு ஸ்டீல் மூடியில் விட்டுச் சூடாக்கினேன். வெள்ளையாக உப்புப் படிந்தது. பச்சை துளியும் இல்லை. (நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கூலண்ட் விஷம், அது வேண்டாம்.) கூலண்ட் தொட்டியும் கோடு வரை நிறைந்தே இருந்தது.

மார்ச் 6
மனசு கேட்கவில்லை. கூலண்ட் தொட்டியில் பிரஷர் டெஸ்டரை மாட்டி 1 பார் ஏற்றினேன். அரை மணி நேரம் முள் அசையவில்லை. மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் 27, 27, 26 பார். மூன்றாவதில் ஊற்றிய ஆயிலே கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கும். இருந்தாலும் ராடு வளைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாகவே பின்தங்கியிருக்கும். பெருமூச்சு விட்டேன்.

மார்ச் 7
எல்போவைக் கழற்றினேன். உள்ளே கரியும் துருவும் இருந்தன. உள்சுவர் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் அதுவே காரணமாகிவிடும். கடல்நீர் ஓடும் அறையின் ஒரு வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்தேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

அப்புறம்தான் அளவு டேப்பை எடுத்தேன். எல்போவில் கடல்நீர் சேரும் இடம் வெளியே உள்ள நீர்மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே. அதனால்தான் அந்த ஹோஸை மேலே வளைத்து, உச்சியில் ஆன்டி-சைஃபன் வால்வு வைத்திருக்கிறார்கள். பம்ப் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் சைஃபன். என்ஜின் நின்றதும் அந்த வால்வு காற்றை உள்ளே விட்டு அதை அறுக்க வேண்டும். திருகி எடுத்தால், உப்பு கட்டிதட்டி ரப்பர் நாக்கு அசையவே இல்லை. வாய் வைத்து ஊதினேன், காதுதான் அடைத்தது.

மார்ச் 8
சந்தேகத்தோடு புது வால்வு மாட்ட மனமில்லை. கடல்நீர் வால்வைத் திறந்து, எல்போ பக்க ஹோஸை ஒரு வாளிக்குள் விட்டு, பழைய ஆன்டி-சைஃபன் வால்வோடு, இன்ஜெக்டர்கள் இல்லாமலே செல்ஃபை ஐந்து நொடி சுற்றினேன். பம்ப் நின்ற பிறகும் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரின் இதழ்கள் தளர்ந்து வழி விட்டிருக்கின்றன. புது வால்வை மாட்டி அதையே செய்தேன். நின்ற கையோடு சொட்டும் நின்றது.

ஆக, இரண்டு நாள் சொட்டியே சைலன்ஸர் நிரம்பி, எல்போ வழியாக ஏறியிருக்கிறது. மூன்றாம் சிலிண்டர்தான் எல்போவுக்குப் பக்கத்தில் இருப்பது. அன்று அதன் எக்ஸாஸ்ட் வால்வும் திறந்த நிலையில் நின்றிருக்க வேண்டும்.

மார்ச் 10
புது இம்பெல்லர், இன்ஜெக்டர்களுக்குப் புதுச் செம்பு வாஷர். இரண்டாவது நொடியில் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை மாற்றினேன். இன்னும் லேசாக வெளுத்துத்தான் வந்தது. மறுபடி ஓட்டி, மறுபடி மாற்றினேன்.

மார்ச் 12
கடல்நீர் வால்வை வேண்டுமென்றே இரண்டு இரவும் திறந்து வைத்திருந்தேன். காலையில் கையால் இரண்டு முழுச் சுற்று, எங்கும் முட்டவில்லை. சைலன்ஸர் பிளக்கைத் திறந்தால் வழக்கமான அளவு தண்ணீர்தான். டிப்ஸ்டிக் சுத்தம். பழைய ஆன்டி-சைஃபன் வால்வு வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாக்கு நன்றாக அசைந்தால் ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம்.