முதுகில் ஒட்டிய வெளிச்சம்

2023 ஆகஸ்ட் 28ஆம் தேதி மாலை தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கத் தொடங்கினோம். 31 பேர். காவி வேட்டி, கழுத்தில் செபமாலை, முன்னால் தள்ளுவண்டியில் மாதா சப்பரம், பின்னால் பாத்திரமும் ஜமுக்காளமும் ஏற்றிய குட்டியானை. பகலில் ஏதாவது மண்டபத்திலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ படுத்துக்கொள்வது, வெயில் தாழ்ந்ததும் நடப்பது. சுமார் 100 கிலோமீட்டரை மூன்று இரவில் கடப்போம். எனக்கு அது ஒன்பதாவது யாத்திரை. கேட்காமலேயே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டேன் பாருங்கள், அந்தப் புத்திதான் இந்தக் கதையில் அடி வாங்கப் போகிறது.

அந்த வருடம் வழியெல்லாம் நிலாப் பேச்சுதான். ஐந்து நாள் முன்பு, ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு, சந்திரயான் 3 நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கியிருந்தது. டீக்கடைக்கு டீக்கடை, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதும், நிலா மண்ணுக்குப் பதிலாக வைத்துச் சோதித்த மண் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலிருந்து போனது என்பதும் ஓடிக்கொண்டிருந்தன. நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். விடுவார்களா? செபமாலைக்கும் செபமாலைக்கும் நடுவே பையன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் இரவு சாலியமங்கலம் தாண்டியபோது, ரோட்டோரம் நின்ற போலீஸ்காரர் எங்கள் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினார். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. முதுகைத் திருப்பச் சொல்லி அழுத்தி ஒட்டிவிட்டு, "லாரிக்காரன் கண்ணுல படணும்ல" என்றார். என் முதுகில் என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

29ஆம் தேதி மாலை வேளாங்கண்ணித் திருவிழாவின் கொடியேற்றம். நாங்கள் அப்போது நீடாமங்கலம் பக்கம் இருந்தோம். ஒரு போனைச் சப்பரத்தின் மேல் சாய்த்து வைத்து, நேரலையில் கொடி ஏறுவதைப் பார்த்து, "மரியே வாழ்க" சொல்லிவிட்டு நடந்தோம். அந்த இரவில் கொப்புளங்களைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மதியம் திருவாரூர் பக்கம் ஒரு மண்டபத்தில் படுத்தோம். ஓடிய மின்விசிறி ஒன்றே ஒன்று. அதன் கீழே ஏற்கெனவே படுத்திருந்த பையனை, ஒன்பதாம் வகுப்புதான் இருக்கும், "பெரியவங்களுக்கு இடம் விடத் தெரியாதா?" என்று எழுப்பிவிட்டு நான் படுத்துக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனான். எனக்கு நல்ல தூக்கம்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் வரை சாலை கிழக்கே போகிறது. அன்று நிறைநிலா. ஆறேகால் மணி சுமாருக்கு வயல்களுக்கு மேலே எங்களுக்கு நேர் எதிரே எழுந்தது. வழக்கத்தைவிடப் பூமிக்கு நெருங்கி வந்திருந்த நிலா, அந்த மாதத்தில் இரண்டாவது முழுநிலவும்கூட. கொஞ்சம் இருட்டியதும் பக்கத்திலேயே சனிக் கோள், ஒரு மஞ்சள் புள்ளியாக. சப்பரத்தின் சீரியல் பல்புகளை யாரோ அணைத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் யாரும் செபம்கூடச் சொல்லவில்லை.

சுவரோரம் போன அந்தப் பையன்தான் பக்கத்தில் வந்து கேட்டான்: "சார், நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லைன்னு சொன்னீங்க. அப்போ அது கண்ணாடி மாதிரியா சார்?"

இல்லை என்றேன். நிலாவின் தரை கண்ணாடி மாதிரி இல்லவே இல்லை. மேலே விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு 12 பங்குதான் திருப்பி அனுப்புகிறது. மீதியை அதுவே விழுங்கிவிடுகிறது. "நாம நடக்கிற இந்தத் தார் ரோடு இருக்கே, பழசாகி வெளுத்த தார், ஏறக்குறைய அந்த நிறம்தான்." பையன் குனிந்து ரோட்டைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து நிலாவைப் பார்த்தான். "இதுவா சார் அப்படித் தெரியுது?"

இன்னொன்றும் சொன்னேன். அரைநிலா முழுநிலவில் பாதி வெளிச்சம் தரும் என்று நினைப்போம். தராது. பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். அரைநிலாவில் சூரியன் பக்கவாட்டில் இருப்பதால், ஒவ்வொரு மேடும் பள்ளமும் தன் நிழலைத் தானே போட்டுக்கொள்கிறது. நேருக்கு நேர் முகம் கொடுக்கும்போது நிழல்களெல்லாம் முதுகுப்பக்கம் ஒளிந்துகொள்கின்றன, வெளிச்சம் ஒரேயடியாக ஏறுகிறது.

பின்னால் வந்துகொண்டிருந்த உபதேசியார், கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தருபவர், இதைக் கேட்டுவிட்டார். அவருக்கு இயற்பியல் தெரியாது, ஆனால் நான்காம் நூற்றாண்டு தெரியும். மிலான் நகர ஆயராக இருந்த புனித அம்புரோசியார் திருச்சபையை நிலாவுக்கு ஒப்பிட்டதை எடுத்துச் சொன்னார். சபை ஒளிர்வது தன் ஒளியால் அல்ல, கிறிஸ்துவின் ஒளியால்; நிலா தேய்வது போல அதுவும் தேயும், வளரும். "உங்க தார் ரோட்டு விஷயம் மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார், வாத்தியாரே" என்றார். விவிலியத்தின் பிலிப்பியர் திருமுகத்தில், உலகில் விண்மீன்களைப் போல ஒளிருங்கள் என்று பவுல் சொல்வதையும் நினைவுபடுத்தினார். அதற்கு முந்தைய வரியை அவர் சொல்லவில்லை, எனக்கே நினைவு வந்தது: முணுமுணுக்காமலும் வாதாடாமலும் எல்லாவற்றையும் செய்யுங்கள். மின்விசிறி ஞாபகமும் கூடவே வந்தது.

கீழ்வேளூரை நெருங்கும்போது மணி எட்டு. ஒரு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் குடத்தில் மோர் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் கூரை வீடு, வாசலில் ஒரு டியூப்லைட். மோரில் கறிவேப்பிலையும் உப்பும் கொஞ்சம் தூக்கல். நான் குடித்து முடித்து டம்ளரை நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயோ, வேணாம் பாட்டி" என்று பின்வாங்கினேன்.

"சாமி காவி கட்டி நடந்து வர்றீங்க. உங்களைக் கும்பிட்டா மாதாவைக் கும்பிட்ட மாதிரி." மடியிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்தார். "எம்பேருல ஒரு மெழுகுதிரி ஏத்திடுங்க. முட்டிவலிக்கு. நாங்க மாரியம்மன் கும்பிடுறவங்க. மாதா ஒண்ணும் கோவிச்சுக்காதுல்ல?"

கோவிச்சுக்காது என்றேன். ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போகிற ஊர். "வருஷா வருஷம் நீங்க எல்லாரும் இந்த வழியாத்தான போறீங்க" என்றார், அதுவே போதும் என்பது போல.

அந்த நேரத்தில் ஒரு லாரி கடந்தது. முன்னே போய்க்கொண்டிருந்தவர்களின் பைகளெல்லாம் அதன் விளக்கில் குப்பென்று எரிந்து அடங்கின. பாட்டி அதைப் பார்த்துச் சிரித்தார். நடப்பவனுக்குத் தன் முதுகில் எரிவது தெரியாது. வெளிச்சத்தோடு வருபவனுக்கும், ஓரமாக உட்கார்ந்து பார்ப்பவனுக்கும்தான் தெரியும். பாட்டி கும்பிட்ட ஆள், அன்று மதியம் ஒரு பிள்ளையை மின்விசிறிக்கு அடியிலிருந்து விரட்டியவன். அவர் தொட்ட கால் தார் ரோடு. ஆனால் அவர் கும்பிட்டது பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் குனிந்தார், அது என்னுடையது அல்ல, அவ்வளவுதான்.

வேளாங்கண்ணிக் கதையிலும் ஒரு மோர் உண்டு. நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனிடம் ஓர் அம்மா தன் குழந்தைக்கு மோர் கேட்டார். கொடுத்தான். அந்த அம்மா அவனிடம், நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவரிடம் போய் எனக்கு இங்கே ஒரு கோயில் கட்டச் சொல் என்றார். அவன் ஓடினான், ஓடிய பிறகுதான் தன் கால் சரியானதே அவனுக்குத் தெரிந்தது. இத்தனை முறை இந்தக் கதையைக் கேட்டபோதெல்லாம் நான் அந்தப் பையனாகவே என்னை நினைத்திருக்கிறேன். அன்று முதல் தடவையாக மோர் பாட்டியிடம் இருந்தது.

நாகப்பட்டினத்தில் நள்ளிரவு. ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். அங்கிருந்து வேளாங்கண்ணி 12 கிலோமீட்டர், இடப்பக்கம் கடல் கூடவே வரும். நான்கரை மணி சுமாருக்குக் கடல் பக்கம் விடிவெள்ளி தெரிந்தது. வெள்ளிக் கோள் அந்த ஆகஸ்ட் நடுவில்தான் மாலை வானத்தை விட்டுக் காலைக்கு மாறியிருந்தது. வெறுங்கண்ணுக்கு ஒரு வைரப்பொட்டு, தொலைநோக்கியில் பார்த்தால் மெல்லிய பிறை. வெள்ளியும் நிலாவைப் போலத் தேய்ந்து வளர்கிறது என்று கலிலேயோ 1610இல் கண்டார். அதற்கும் சொந்த ஒளி இல்லை.

உபதேசியார் மாதா மன்றாட்டுமாலையைத் தொடங்கினார். சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லும் வரிகள், வாய் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அன்று காதில் விழுந்தன. "நீதியின் கண்ணாடியே." கண்ணாடி! அப்புறம் கொஞ்சம் தள்ளி, "விடியற்கால விண்மீனே." அதற்கு அடுத்த வரி, "நோயாளிகளின் ஆரோக்கியமே." ஆரோக்கிய அன்னையின் ஊருக்கு ஆரோக்கியம் என்ற சொல் விடிவெள்ளிக்குப் பின்னால்தான் வருகிறது.

இந்த விடிவெள்ளிப் பெயர் விவிலியத்தில் விசித்திரமான பெயர். திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தில் இயேசு தன்னையே விடிவெள்ளி என்கிறார். எசாயா 14இல் வானத்திலிருந்து விழுந்தவனுக்கும் அதே பெயர்தான். அங்கே அது பாபிலோன் அரசனைக் குறித்த பாட்டு, சாத்தானின் வீழ்ச்சி என்று பின்னால் வாசித்தார்கள். மேகங்களுக்கு மேல் ஏறுவேன், உன்னதருக்கு ஒப்பாவேன் என்றானாம். சூரியன் வரப்போகிறது என்று சொல்ல வந்த விண்மீன் தானே சூரியன் என்று நினைத்துக்கொண்ட கதை. ஒன்பதாவது முறை என்று எண்ணிச் சொல்பவனுக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

ஐந்தரைக்குப் பேராலயம். நேராகக் கடற்கரைக்குப் போனோம், முதலில் கடலில் ஒரு முழுக்கு, அதுதான் எங்கள் குழுவின் வழக்கம். ஆறு மணி வாக்கில் கிழக்கே கடலிலிருந்து சூரியன் வந்தது. திரும்பிப் பார்த்தால், மேற்கே தென்னைகளுக்கு மேல் நிலா வெளுத்துப்போய், காகிதம் மாதிரி, இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கிடைத்தது இரண்டு மூன்று நிமிடம்தான். பையன் ஈரத்தலையோடு அங்கும் இங்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவனிடம் மின்விசிறி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "எப்ப சார்?" என்றான். மறந்தே போயிருந்தான், அல்லது மறந்த மாதிரி காட்டினான்.

அதே கரைதான். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், அன்றும் பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த நூற்றுக்கணக்கானோர் இந்த மணலில் போனார்கள். கோயில் தப்பியது என்று பலர் சாட்சி சொல்வார்கள். எனக்கு அதைச் சொல்ல வாய் வருவதில்லை. ஒவ்வொரு வருடமும் இறந்தவர்களுக்கு ஒரு 'அருள் நிறைந்த' செபம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பேராலயத்தின் மெழுகுதிரி மேடையில் பாட்டியின் பத்து ரூபாய்த் திரியை, யாரோ ஏற்றிவிட்டுப் போன இன்னொரு திரியில் பற்றவைத்து நட்டேன். அவர் பெயரைக் கேட்க மறந்திருந்தேன். கீழ்வேளூர் மோர்ப் பாட்டி, முட்டிவலி என்று சொன்னேன். மாதாவுக்கு விலாசம் போதும்.

செப்டம்பர் 4ஆம் தேதி, சந்திரயான் 3இல் நிலாவில் இறங்கிய விக்ரம் லேண்டரைத் தூங்க வைத்தார்கள். நிலாவின் இரவு 14 நாள், குளிர் பயங்கரம். 22ஆம் தேதி எழும் என்று எதிர்பார்த்தார்கள், எழவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு வருத்தம்தான். 2024 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. லேண்டரின் மேல் நாசா கொடுத்த குட்டிக் கருவி ஒன்று உண்டு. 5 சென்டிமீட்டர் அகலம், அரைக்கோளக் கூட்டில் எட்டுப் பட்டகங்கள். மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். எந்தத் திசையிலிருந்து ஒளி விழுந்தாலும் அதே திசைக்குத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. டிசம்பர் 12 அன்று, நிலாவைச் சுற்றும் நாசா விண்கலம் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசர் அடித்தது. செத்துக்கிடந்த விக்ரமிடமிருந்து ஒளி திரும்பி வந்தது.

அலமாரியிலிருந்து யாத்திரைப் பையை எடுத்துப் பார்த்தேன். என் ஸ்டிக்கர் மஞ்சள்.

2024இலும் நடந்தோம், அதே தேதிக் கணக்கில். ஆனால் அமாவாசை நெருங்கிய நாட்கள், முன்னிரவெல்லாம் ஒரே இருட்டு. வேப்பமரத்தடியில் பாட்டி இருந்தார், குடமும் இருந்தது. முட்டிவலி எப்படி என்றேன். "அது கெடக்கு" என்று சொல்லி மோரை நீட்டினார். இந்த முறை பெயரைக் கேட்டுக்கொண்டேன்.

"போன வருஷம் நிலா அம்மாம்பெருசா இருந்துச்சே சாமி. இந்த வருஷம் காணுமே?"

"மூணரை மணிக்கு மேல வரும் பாட்டி. ஒரு கீத்து மாதிரி."

"மூணரைக்கா?" என்று யோசித்தார். "அப்ப நான் முழிச்சிருந்தா பாக்குறேன். நீங்க ரோட்டுல பாத்து நடங்க, இருட்டா கெடக்கு" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர்களுக்கு டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார்.