திருவனந்தபுரத்தில் சில அம்மாக்கள்

நாகர்கோவில்காரர்களுக்கு உலக சினிமா சென்னையைவிடத் திருவனந்தபுரத்தில்தான் பக்கம். சென்னையிலும் டிசம்பரில் படவிழா நடக்கிறது. ஆனால் அதற்கு இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். இங்கே காலை ரயிலில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி தம்பானூரில் இறங்கிவிடலாம். கைரளி, நிளா, ஸ்ரீ என்ற திரையரங்குகள் மூன்றும் ஒரே வளாகத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

2024 டிசம்பர் 13 முதல் 20 வரை நடந்த 29ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போயிருந்தேன். பெண்களைப் பற்றிய படங்களாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற திட்டம் எதுவும் எனக்கு இல்லை. எங்கே திரும்பினாலும் அவைதான் இருந்தன. வாழ்நாள் சாதனையாளர் விருது ஹாங்காங் இயக்குநர் ஆன் ஹூவுக்கு. நடுவர் குழுத் தலைவர் பிரெஞ்சு ஒளிப்பதிவாளர் ஆக்னஸ் கோதார். 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருது இயக்குநர் பாயல் கபாடியாவுக்கு.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. முன்பதிவுச் செயலி காலையில் திறக்கும். பல் துலக்கி முடிப்பதற்குள் நல்ல படங்கள் தீர்ந்துபோகும். பிறகு முன்பதிவில்லாதவர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டபடி, முந்தைய படத்தின் இயக்குநரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

தொடக்கப் படம், வால்டர் சாலஸின் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்', கனகக்குன்னு வளாகத்து நிசாகந்தி அரங்கில். 1971 ஜனவரியில் பிரேசில் ராணுவ ஆட்சி, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபன்ஸ் பைவாவை ரியோவில் அவர் வீட்டிலிருந்து கூட்டிப் போகிறது. அவர் திரும்பவே இல்லை. படம் அவரைத் தேடிப் போவதில்லை. மனைவி யூனிஸோடு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஐந்து பிள்ளைகள். வங்கியில் பணம் எடுக்கக் கணவரின் கையெழுத்து வேண்டும். கணவர் கைதானார் என்றே அரசு ஒப்புக்கொள்ளாதபோது, கையெழுத்துக்கு எங்கே போவது? பத்திரிகைக்காகப் புகைப்படம் எடுக்க வருபவர், குடும்பம் சோகமாக இருந்தால் நல்லது என்கிறார். யூனிஸோ பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்கிறார். நாற்பதைத் தாண்டிச் சட்டம் படித்து வழக்கறிஞராகி, 1996இல் கணவரின் இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கும்போதும் சிரிக்கிறார். யூனிஸாக நடித்தவர் ஃபெர்னாண்டா டோரஸ். முதுமையில் யூனிஸாக வருபவர், டோரஸின் சொந்தத் தாய் ஃபெர்னாண்டா மாண்டினெக்ரோ. வசனமே இல்லாமல் அந்த முகம் செய்வதைப் பார்க்கவாவது இந்தப் படத்தைப் பாருங்கள்.

விழாவின் சிறந்த படத்துக்கான சுவர்ண சகோரம் விருதும் இருபது லட்ச ரூபாயும் வென்ற 'மாலு' படமும் பிரேசிலிலிருந்து வந்ததுதான். பெட்ரோ ஃப்ரெய்ரே, நடிகையாக இருந்த தன் தாயின் கதையையே எடுத்திருக்கிறார். ரியோவின் புறநகரில் முடிக்கப்படாத ஒரு வீடு. வேலையில்லாத நடிகை மாலு, அவளுடைய பழமைவாதத் தாய், வந்து சேரும் மகள். மாலு கத்துகிறாள், வசை பொழிகிறாள், பழைய மேடைப் புகழைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பவரைச் சலிக்கவைக்கிறாள். அடுத்த நிமிடமே அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டும் மகன்கள் சொன்ன கதைகள் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. முதல் படம் யூனிஸின் மகன் மார்செலோ எழுதிய நூலிலிருந்து வந்தது. நம் சினிமாவில் மகன் அம்மாவைப் பற்றிச் சொன்னால் அவளை உடனே கர்ப்பகிரகத்தில் ஏற்றிவிடுவான். பிறகு அவளுக்குப் பூசைதான், பேச்சு கிடையாது. ஃப்ரெய்ரே தன் தாய்க்குக் கோபத்தை விட்டுவைத்திருக்கிறார். அன்பைவிட அதுதான் பெரிய மரியாதை என்று எனக்குப் பட்டது.

அரங்கம் அதிகம் சிரித்தது ஃபாசில் முகம்மதின் 'ஃபெமினிச்சி ஃபாத்திமா'வுக்கு. பொன்னானியில் ஓர் உஸ்தாதின், அதாவது இஸ்லாமிய மத ஆசிரியரின், மனைவி. மகன் நனைத்த மெத்தை பாழாகிறது, அவளுக்கு முதுகுவலி, புது மெத்தை வேண்டும். அவ்வளவுதான் கதை. உரிமை, விடுதலை என்று யாரும் முழங்குவதில்லை. ஒரு மெத்தை வீட்டுக்குள் வருவதற்கு எத்தனை பேருடைய அனுமதி தேவைப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பார்வையாளர் விருது அதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

பாயலின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்தில் மெத்தையின் இடத்தில் ஒரு ரைஸ் குக்கர் இருக்கிறது. மும்பையில் நர்ஸாக வேலை பார்க்கும் பிரபாவுக்கு ஜெர்மனியிலிருந்து பார்சலில் வருகிறது. அங்கே போன கணவனிடமிருந்து பேச்சே நின்றுபோயிருக்கிறது. ஓர் இரவில் அவள் தரையில் உட்கார்ந்து அதை அணைத்துக்கொள்கிறாள். பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி இந்த ஊர்க்காரர். அவர் பேசும் மலையாளத்துக்கு அரங்கில் யாரும் சப்டைட்டிலைப் பார்க்கவில்லை.

மாலையில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் கட்டடத்தில் மேலே ஏற ஏற மேஜைகள். பீட்ரூட் கலந்த மசால் தோசையைக் குமரிக்காரர்கள் சந்தேகத்தோடு பார்ப்போம்; நான் சாப்பிட்டுவிடுவேன். அம்மாக்களின் கதையை மகன்கள் சொல்வது பற்றிய என் கோட்பாட்டை எதிரில் இருந்த கோட்டயம் கல்லூரிப் பேராசிரியையிடம் விரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மகள்கள் எடுத்ததைப் பார்த்தீர்களா? இந்த மேடையில் விருது வாங்கிய ஆன் ஹூ 1990இலேயே எடுத்துவிட்டாரே" என்றார். 'சாங் ஆஃப் தி எக்ஸைல்'. ஆன் ஹூவின் தாய் ஜப்பானியர். தாயோடு ஜப்பான் போகும் மகளுக்கு அங்கே ஒரு சொல்கூடப் புரிவதில்லை. சீனக் குடும்பத்தில் அம்மா இத்தனை வருடம் எப்படி இருந்திருப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்குகிறது என்று கதையைச் சொன்னார். என் கோட்பாடு தோசையோடு ஆறிப்போனது.

அந்தப் படத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.