‘கால்’ என்ற ஒரு சொல்லோடு மூன்று வாரம்

என் பாட்டி சொன்ன கிழவி-நாய்க் கதையை ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பக்கம் முடிந்தது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். மெக்சிகோவில் இருக்கும் என் மொழிப் பயிற்சித் தோழியிடம் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, “நாய் எப்போது செத்தது?” என்று கேட்டார்.

நாய் சாகவே இல்லை. “நாய் காலை நீட்டிப் படுத்தது” என்பதுதான் வரி. நாலு காலையும் நீட்டினாலும் தமிழில் ‘காலை’ என்று ஒருமையில்தான் சொல்வோம். அதே ஒருமையில் ‘எஸ்திரோ லா பாத்தா’ என்று எழுதிவிட்டேன். பேச்சு ஸ்பானியத்தில் அதற்கு ‘மண்டையைப் போட்டது’ என்று பொருள்! ‘லாஸ் பாத்தாஸ்’ என்று பன்மையாக்கியதும் சரியாகிவிட்டது.

‘பாத்தா’ என்ற சொல் விலங்கின் காலுக்கும் மேஜை நாற்காலியின் காலுக்கும் உரியது. விலங்கு என்றால் ஸ்பானியமும் நம்மைப் போல ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. மனிதருக்குத்தான் பிரிக்கவேண்டும்: கணுக்காலுக்கு மேலே பியெர்னா, கீழே பியே.

மூன்று வாரமாக என்னை நகரவிடாத வரி இது: “கிழவி காலுக்கு எண்ணெய் தேய்த்தாள்.” முழங்காலுக்கா, உள்ளங்காலுக்கா? தமிழில் யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்பானியத்தில் சொல்லாமல் வரியே நகராது. கடைசியில் அம்மாவுக்குப் போன் போட்டேன். “கதை சொல்றப்பவே பாட்டி முட்டியிலேர்ந்து கீழே உருவிவிட்டுக் காட்டுவாங்களே, மறந்துட்டியா?” என்றார். பாட்டியின் இரண்டு கையும் அப்படியே கண்ணுக்குள் வந்தது. பியெர்னாஸ் என்று எழுதினேன்.

கட்டில் கால் பாத்தா. ஆனால் கால்மாடு ‘லோஸ் பியேஸ் தெ லா காமா’. கட்டிலுக்கும் பாதம் வைத்திருக்கிறார்கள்! தலைமாட்டுக்கும் தலையை வைத்தே கபெசேரா என்ற சொல் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐந்தே காலுக்கு ‘சிங்கோ இ குவார்த்தோ’. அதில் சிக்கல் இல்லை.

அகராதி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் வழியாகத் தேடினால் லெக், ஃபூட் என்று அங்கேயே ஒருமுறை பிரிந்துவிடுகிறது, பாத்தா சட்டென்று கண்ணில் படாமல் போகலாம். ஸ்பானிய மொழிக்கான அரச அகாதெமியான ரியல் அகாதெமியா எஸ்பஞோலாவின் அகராதி இணையத்தில் இலவசம். பொருளோடு நிறுத்தாமல் கீழே வரும் சொற்றொடர்களையும் படியுங்கள். ‘எஸ்திரார் லா பாத்தா’ அங்கேதான் இருக்கிறது, நான் அவ்வளவு தூரம் இறங்கவில்லை.

நாலாம் பக்கத்தில் கிழவிக்குக் காது மந்தம், நாய்க்குக் காது நீளம். முன்னது ஓயிதோ, பின்னது ஓரேஹா. அதைத் தொடுவதற்கு முன் கதையில் கால்மாடு வரும் வரியைத் தோழியிடம் இன்னொரு தடவை படித்துக் காட்டவேண்டும்.