டீயோட மாத்திரை போட்டா எப்படி?

முதல் பரிசோதனையில் என் அட்டையில் எழுதியது: எடை 38 கிலோ, ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.4. கர்ப்பத்தின் பதினோராவது வாரம். "11 இருக்கணும் தாயி" என்றார் கிராமத்து நர்சம்மா. எனக்குப் பெரிதாக ஒன்றும் உறைக்கவில்லை. மில்லில் என்னோடு வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு இதே கதைதான். மிகையில்லை, 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். டீயும் பன்னும் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு ஐந்தரைக்கு வேன் ஏறிவிடுவேன். பத்து மணிக்குத் தூக்குவாளியில் தயிர்சோறு, ஊறுகாய். மூன்று மணிக்கு வீடு வந்ததும் ஒரு டீ. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் என்ன கிடக்கிறதோ அது. பட்டினி என்று சொல்ல முடியாது. வயிறு நிறையும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்து, அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி நம்பரை வாங்கிவிட்டேன். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு அதுதான் முதல் படி. 14,000 கணக்கில் வரும், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டி. பெட்டி வந்த அன்று நெய் நாத்தனார் பிள்ளைக்குப் போனது, துண்டு என் வீட்டுக்காரர் தோளில் ஏறியது. பேரீச்சம்பழத்தை மட்டும் நான் விடவில்லை.

தினமும் ஒரு சிவப்பு இரும்பு மாத்திரை. ஒரு வாரத்தில் குமட்டல், மலம் தார் மாதிரி கருப்பாகப் போனது. பயந்துவிட்டேன். "அதைப் போட்டா புள்ள கருப்பாப் பொறக்கும், நிறைய சாப்பிட்டா புள்ள பெருத்து ஆப்பரேசன்தான்" என்றார் மாமியார். வேண்டாம் என்று நினைத்த நாளெல்லாம் மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இடையில் ஒரு தனியார் கிளினிக்குக்கும் போனோம். சத்துப் பவுடர் டின் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளில் டின்னும் காலி, கையில் இருந்த காசும் காலி.

பதினெட்டாவது வாரம் ரத்தம் 8.1. ஏறவேண்டியது இறங்கியிருந்தது.

நர்சம்மா வீட்டுக்கே வந்தார். திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "நேத்து காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டே, ஒண்ணு விடாமச் சொல்லு" என்றார். சொன்னேன். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, மிச்சம் இருந்ததை விரலால் எண்ணினார். பிறகு கேட்டார்: "போட்ட மாத்திரையையாவது எதோட போட்டே?"

"மூணு மணி டீயோட, நர்சம்மா."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாதாம். கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கியிருந்தேன், அதுவும் தடுக்குமாம். ஆக, ஒழுங்காகப் போட்ட மாத்திரையிலும் பாதி வீண்! வாங்கிக் கொடுத்த அன்றே இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. சொல்லியிருக்கவும் கூடும், வரிசையில் நின்ற அறுபது பேர் சத்தத்தில் என் காதில் விழுந்திருக்காது.

அன்றிலிருந்து கால்சியம் காலையில். இரும்பு மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைச் சாற்றோடு. தூங்கிவிடுவதால் குமட்டல் தெரியவில்லை. கருப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பூச்சி மாத்திரையும் கொடுத்தார். கிளம்பும்போது மாமியாரைப் பார்த்து, "இந்த வீட்டுல கடைசியா யாரு சாப்பிடுறா?" என்று கேட்டார். மாமியார் பதில் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி எனக்கும் முதல் பந்தியில் தட்டு வைத்தார்.

அங்கன்வாடி சத்துமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அதைக் கன்றுக்குட்டிக்குக் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. கஞ்சியாக எனக்கும் இறங்கவில்லை. லேசாக வறுத்து, தேங்காய்த் துருவல் போட்டுக் கொழுக்கட்டையாகப் பிடித்துத் தூக்குவாளியில் கொண்டுபோனேன். பத்து மணிக்குப் பக்கத்து மிஷின்காரியும் கை நீட்டினாள். அப்புறம் தினம் ஒரு முட்டை, வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்).

ஆனாலும் ரத்தம் எட்டரையைத் தாண்ட அடம்பிடித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து ஊசி என்றார்கள். ஊசி என்று போனால் டிரிப்ஸ். நூறு மில்லி சலைனில் மருந்தைக் கலந்ததும் வரக்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. எந்த நிறத்தைக் குடிக்காதே என்றார்களோ அதையே நரம்பில் ஏற்றுகிறார்களே என்று சிரிப்பு வந்தது. இருபது நிமிஷம் ஏறியது, வாயில் ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. முடிந்ததும் அரைமணி நேரம் உட்காரவைத்து, பிரஷர் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், நாலு தடவை. சம்பளம் போனது, வேறு வழியில்லை.

முப்பத்தாறாவது வாரம் ரத்தம் 10.6, எடை 47. மாமியார் பயந்த ஆப்பரேசன் இல்லை, சுகப்பிரசவம். மகள் 2.7 கிலோ. நிறம் அவள் அப்பாவைப் போல.

பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் மாத்திரை உண்டு. ராத்திரி அதை மாமியார்தான் எடுத்துத் தருகிறார். பணத்தில் மட்டும் ஒரு தவணை இன்னும் நிற்கிறது: ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், பாஸ்புக்கில் பின்னால். பதியப்போகும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.