முத்திரையில்லாத கடிதமும் போன பல்லும்

கர்ப்பிணித் தாய்மாருக்கான பற்பரிசோதனை அரசாங்கத்தின் தாய்சேய் நலத் திட்டத்தில் ஓர் அங்கம். கர்ப்பகாலப் பதிவுகளைக் குறித்துவைக்கும் எச் 512 அட்டையில் அதைப் பதிவதற்கு இடமும் உண்டு. இருந்தும் கொழும்பில் அந்தப் பரிசோதனையைப் பெற்றுக்கொள்வதற்குள் ஒரு கடைவாய்ப் பல்லையே இழந்துவிட்டேன். இப்போது கிளினிக் போய்வரும் சகோதரிகளுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பதிவு, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ஒரு குறையுமில்லாமல் முடிந்தன. ஐந்தாம் மாதமளவில் பல் துலக்கும்போதெல்லாம் முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது. அதோடு, பழைய அடைப்பு உடைந்திருந்த வலப்பக்கச் சூத்தைப் பல் இரவில் தூங்கவிடாமல் வலித்தது. வயிற்றிலுள்ள பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை எடுத்துக்கொள்வதால் இப்படித்தான் இருக்கும் என்று மாமி கராம்பும் உப்புத் தண்ணீரும் தந்தார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஹோர்மோன் மாற்றத்தால் முரசு பற்படிவுக்கு வழமையை விடக் கூடுதலாக வீங்கி இரத்தம் கசிவதும், அடிக்கடி வாந்தியெடுப்பதால் அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிப்பதுமே உண்மையான காரணங்கள்.

காலி வீதியிலுள்ள தனியார் பற்சிகிச்சை நிலையம் ஒன்றுக்குக் கணவருடன் போனேன். கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நான் கர்ப்பிணி என்று சொன்னதும் வைத்தியர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லாமல், பிள்ளை பிறந்த பிறகு வாருங்கள் என்று ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார். மருந்தகத்தில் நின்ற பெண் பிள்ளை சீட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், எத்தனை வாரம் என்று கேட்டார். பிறகு சீட்டை மடித்து என் கையிலேயே தந்துவிட்டு, பனடோல் அட்டை ஒன்றை மட்டும் எடுத்து வைத்தார். எழுதியிருந்தது இபுபுரோஃபன் என்ற வலி மாத்திரை. 20 வாரத்துக்குப் பிறகு அது சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடியது என்பதால், மகப்பேற்று வைத்தியர் சொல்லாமல் அதைப் பாவிக்கக்கூடாது. அந்தப் பெண் பிள்ளைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அடுத்ததாக, அரச வைத்தியசாலை ஒன்றின் பற்பிரிவில் விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். மகப்பேற்று வைத்தியரின் கடிதம் இல்லாமல் உள்ளே விடமுடியாது என்று கவுண்டரில் இருந்தவர் திருப்பி அனுப்பினார். கடிதம் கேட்டது நியாயம்தான். ஆனால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருந்து கடிதத்தை வாங்கிப் போனபோது, அதில் முத்திரை இல்லையென்று அதே ஆள் அதே குரலில் மறுத்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஆகவே கடிதத்தைக் கையில் வாங்கியதும் எழுந்து வந்துவிடாதீர்கள். திகதி, ஒப்பம், முத்திரை மூன்றையும் பாருங்கள். எத்தனை வாரம், இரத்த அழுத்தம், சீனியின் அளவு, எடுக்கும் மருந்துகள், விறைப்பூசி போடுவதற்கு ஆட்சேபனை இல்லை என்ற வரி ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். ஒரு போட்டோ கொப்பியும் வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த மருத்துவமாது மிஸ்ஸிடம் இதைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பியபோது, "அங்க ஏன் அலைஞ்சீங்க? எங்கட கிளினிக்கிலயிருந்தே பல் டொக்டரிட்ட அனுப்பலாமே" என்றார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். அடுத்த கிழமையே பல் வைத்தியர் என்னைப் பார்த்தார்.

சிகிச்சையில் பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. மல்லாந்து கிடந்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும் என்று, ஒரு துவாயைச் சுருட்டி என் வலது இடுப்புக்குக் கீழே வைத்து இடப்பக்கம் சற்றுச் சாய்த்துவிட்டார். ஈயக் கவசமும் கழுத்துப் பட்டியும் அணிவித்து எக்ஸ்ரே எடுத்தார். முரசைத் துப்புரவு செய்தார். ஆனால் சூத்தை நரம்பையும் தாண்டி வேர்வரை போய்விட்டதால் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று லிடோகெயின் என்ற விறைப்பூசி போட்டுப் பிடுங்கிவிட்டார். வலி தொடங்கிய நாட்களில் வந்திருந்தால் காப்பாற்ற முயன்றிருக்கலாம் என்று அவர் சொன்னபோது, கவுண்டரில் இருந்தவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பல் வைத்தியர் சொன்ன ஒன்றை எல்லோரும் பின்பற்றலாம். வாந்தியெடுத்த உடனே பல் துலக்கக்கூடாது. ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்தே துலக்கவேண்டும். துலக்கும்போது இரத்தம் வருகிறதென்று துலக்காமல் விடவும் கூடாது. மெல்லிய நார்த் தூரிகையால் இரு வேளையும் துலக்கினால் கசிவு குறையும். எனக்குக் குறைந்தது. அவசரமில்லாத வேலைகளுக்கு நான்காம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரையான காலமே வசதியானது. வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்க வேண்டியதில்லை.

தனியார் நிலையத்தில் வாயைப் பார்க்காமலே அறவிட்ட கட்டணத்தைக் கணவர் தொலைபேசியில் திருப்பிக் கேட்டார். பிள்ளை பிறந்த பிறகு வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார்களாம்.