ஜீவனாம்சத் தொகை எப்படி முடிவாகிறது: மதுரை குடும்ப நல நீதிமன்றத்தில் என் அனுபவம்

என் கணவர் விவாகரத்து கேட்டு மனு போட்டு, சம்மன் என் கைக்கு வந்தபோது, அவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்குத் தானாகவே வந்துவிடும் என்று உறவினர்கள் பலரும் தேற்றினார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. கல்யாண் தே சவுத்ரி வழக்கில் 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கணவரின் நிகரச் சம்பளத்தில், அதாவது கட்டாயப் பிடித்தங்கள் போக மிஞ்சும் தொகையில், 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று சொன்னது உண்மைதான். ஆனாலும் இரு தரப்பின் வருமானம், சொத்து, பொறுப்புகள், திருமண காலத்தில் வாழ்ந்த வாழ்க்கைத் தரம், பிள்ளையின் தேவை ஆகிய எல்லாவற்றையும் பார்த்துத்தான் நீதிபதி தொகையை நிர்ணயிக்கிறார்.

பெண்களுக்கு வருமான வரம்பு இன்றி இலவச வக்கீல் கிடைக்கும் என்பதை அறிந்து, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தேன். அங்கு அமர்த்தப்பட்ட வக்கீல் அம்மா, இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி எனக்கு வழக்கு முடியும்வரையிலான இடைக்கால ஜீவனாம்சமும், 26-ஆம் பிரிவின்படி மகளுக்குப் பராமரிப்புத் தொகையும் கோரி மனுத் தாக்கல் செய்தார்.

வழக்கின் போக்கைத் தீர்மானித்தது சொத்து மற்றும் பொறுப்புகள் குறித்த பிரமாணப் பத்திரம்தான். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, கணவன், மனைவி இருவருமே இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைத்துச் சம்பாதிப்பதை நான் ஒளிக்காமல் எழுதினேன். வருமானம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சம் மறுக்கப்படக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் மற்ற வார்த்தைகளின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

கணவர் தரப்பில் கொடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் மொத்தச் சம்பளம் 60,000 ரூபாய், கைக்கு வருவது 31,000 ரூபாய் என்று இருந்தது. வக்கீல் அம்மா பிடித்தங்களை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். வருங்கால வைப்பு நிதி, வருமான வரி, தொழில் வரி மூன்றும் சேர்ந்து 8,000 ரூபாய்தான். மீதி 21,000 ரூபாய் கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை. "இந்தக் கடன் எப்போது வாங்கியது?" என்று நீதிபதி கேட்டார். எங்கள் மனுவின் நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததற்கு அடுத்த மாதம் என்று சங்கத்தின் கடிதத்திலேயே தேதி இருந்தது. தாமாக வாங்கிய கடனைக் காட்டிப் பராமரிக்கும் கடமையைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, 52,000 ரூபாயையே நிகர வருமானமாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு மாதம் 13,000 ரூபாய், மகளுக்கு 6,000 ரூபாய் என இடைக்கால உத்தரவு வந்தது. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிட்டதால் நிலுவையைத் தவணைகளாகக் கட்டச் சொன்னார்கள். இறுதித் தீர்ப்பில் 25-ஆம் பிரிவின்படி அதே தொகை நிரந்தர ஜீவனாம்சமானது. சூழ்நிலை மாறினால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் தொகையை மாற்றக் கேட்கலாம். மகள் அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் சேர்கிறாள். பள்ளிக் கட்டண ரசீது வந்ததும் அவளுக்கான தொகையை உயர்த்தக் கோரி மனுக் கொடுக்க இருக்கிறோம்.