"வீட்ல யாருமே இல்லையா?" – ஒரு நாவலின் நடுவே எழுதும் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025

ஏழாம் அத்தியாயத்தை அக்காவிடம் படிக்கக் கொடுத்து ஒரு வாரமாகிறது. இன்று போன் செய்தாள். அந்த அத்தியாயத்தில்தான் என் கதாநாயகி நகரச் சதுக்கத்தில் ஏறி நின்று சர்வாதிகாரியை எதிர்த்துப் பேசுகிறாள். கேட்டவர்கள் எல்லாரும் பொங்கி எழுகிறார்கள். மூன்று மாதம் உழைத்த இடம். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன்டி, இவளுக்கு வீட்ல யாருமே இல்லையா?"

இருக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் அம்மா வருகிறாள், படிக்கிற தம்பி வருகிறான். ஏழாம் அத்தியாயத்துக்குள் நானே அவர்களை மறந்துவிட்டேன். அவள் பேச வாய் திறந்தால் தம்பியின் படிப்பு என்ன ஆகும், அம்மாவின் ரேஷன் என்ன ஆகும் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பயமில்லாத ஒருத்தியை எழுதி வைத்து அவளைத் துணிச்சல்காரி என்று நம்பியிருக்கிறேன்.

என் நாடு கற்பனை நாடுதான். ஆனால் நிஜ நாடுகளில் மனிதர்கள் எப்படி எதிர்த்தார்கள் என்று மறுபடி உட்கார்ந்து படிக்காமல் இனி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை.

ஜூன் 7

நான்கு நாளாக போலந்து. அதிலும் ஸ்விட்னிக் என்ற சின்ன ஊரை விட்டு மனம் நகர மறுக்கிறது. லுப்ளின் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹெலிகாப்டர் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் ஊர்.

1980 ஜூலையில் அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் கட்லெட் விலையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏற்றினார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சோவியத் ஆதிக்கம், பேச்சுரிமை என்று யாரும் தொடங்கவில்லை. மதியச் சாப்பாட்டில் கை வைத்ததும் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்திலும் இதே கதை. அன்னா வாலன்டினோவிச் என்ற கிரேன் ஓட்டும் பெண்ணை, ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்பது வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. அங்கிருந்து சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்க இயக்கம் பிறந்தது. 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்தது, தலைவர்களைப் பிடித்து அடைத்தார்கள்.

எனக்கு வேண்டியது அதற்குப் பிறகுதான். 1982 பிப்ரவரியில் ஸ்விட்னிக் மக்கள் ஒன்று செய்தார்கள். இரவு ஏழரைக்கு அரசுத் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கும். சரியாக அந்த நேரத்துக்கு எல்லாரும் வீட்டை விட்டு இறங்கித் தெருவில் உலாவப் போனார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் டிவிப் பெட்டியைத் தெருவைப் பார்க்க ஜன்னலில் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். எதற்கென்று கைது செய்வது? நடப்பது குற்றமில்லையே. கடைசியில் அரசு, ஊரடங்கு நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து அந்த நேரத்தில் யாரும் வெளியே வர முடியாதபடி செய்தது. மக்கள் சாயங்காலம் ஐந்து மணிச் செய்தி நேரத்தில் நடக்க ஆரம்பித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ஏழரைக்கு எங்கள் தெருவில் நடந்து பார்த்தேன். ஒரு சீரியல் பாட்டு ஒரு வீட்டில் மங்கும்போதே அடுத்த வீட்டில் பிடித்துக்கொள்கிறது. தெருக்கோடி வரை கூடவே வருகிறது. அந்த ஊரில் ஒரு மாலை அந்தச் சத்தத்துக்கு நடுவே அடுத்த வீட்டுக்காரர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டிருக்கும். அவரும் வருகிறார் என்று அப்போதுதான் தெரிந்திருக்கும். என் நாவலில் ஒருவரை ஒருவர் அப்படிக் கண்டுகொள்கிற இடமே கிடையாது. கூட்டம் தயாராக வந்து நிற்கிறது.

ஜூன் 8

கட்லெட் மாதிரி ஒன்று என் கதையில் என்ன? யோசித்தேன். சோப்பா, விறகா, சவப்பெட்டிக்கு அனுமதிச் சீட்டா? இன்னும் அகப்படவில்லை.

ஜூன் 12

பெர்லின். ஓட்டோ ஹாம்பெல், எலீஸே ஹாம்பெல். வெடிங் என்ற தொழிலாளர் பகுதியில் வாழ்ந்த, அதிகம் படிக்காத கணவன் மனைவி. 1940இல் எலீஸேயின் சகோதரன் போரில் செத்தான். அதுவரை இவர்கள் எதிலும் இல்லை. அதற்கப்புறம் தபால் அட்டைகளில் கையால் எழுத ஆரம்பித்தார்கள்: ஹிட்லருக்கு ஒத்துழைக்காதே, நன்கொடை கொடுக்காதே. எழுத்துப் பிழைகள் நிறைய. எழுதிய அட்டையை அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளிலும் தபால் பெட்டிகளிலும் போட்டுவிட்டு வருவார்கள். இரண்டு வருடத்தில் 200க்கும் மேல். இவ்வளவு அட்டைகளைப் பார்த்து இதற்குப் பின்னால் பெரிய கூட்டமே இருக்கிறது என்று ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டாபோ தேடியது. 1942இல் பிடித்தார்கள். 1943 ஏப்ரல் 8 அன்று ப்ளோட்சென்ஸே சிறையில் இருவர் தலையையும் வெட்டினார்கள்.

அந்த அட்டைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கண்டெடுத்தவர்களே போலீசிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இரவெல்லாம் உறுத்தியது.

முதலில் கோபம் வந்தது. பிறகு நானே அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். கையில் அட்டை. இரண்டு வரி படித்துவிட்டேன். மேலே யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? இது என்னைச் சோதிக்க அவர்களே போட்டதா? கிழித்தால் துண்டுகளை எங்கே போடுவது? போட்ட இடத்திலேயே விட்டால் என் விரல் ரேகை? ஒப்படைப்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி. அவர்களில் பலரும் ஹிட்லரை நேசித்துத்தான் ஒப்படைத்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. வீட்டில் யாரோ இருந்தார்கள்.

எதிர்ப்பை எழுதுகிறவர்கள் எதிர்ப்பவரின் நெஞ்சுக்குள் மட்டும் போய் உட்கார்ந்துவிடுகிறோம். அட்டையைக் கண்டெடுத்தவரின் நெஞ்சுக்குள்ளும் போக வேண்டும். சர்வாதிகாரம் அங்கேதான் குடியிருக்கிறது.

ஜூன் 13

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1943 பிப்ரவரி 18 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு எதிராகத் துண்டறிக்கை போட்ட ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் இருவரையும் பிடித்துக் கொடுத்தது அங்கே வேலை பார்த்த பராமரிப்பு ஊழியர். நான்கே நாளில், 22ஆம் தேதி, அண்ணன் தங்கை இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. என் நாவலில் வில்லனுக்குக் கறுப்புக் கோட்டு போட்டு வைத்திருக்கிறேன். சாவிக்கொத்து போதும்.

ஜூன் 17

ருமேனியாவின் 1983ஆம் ஆண்டு ஆணை ஒன்று. தட்டச்சுப் பொறி வைத்திருப்பவர் அதைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பொறியில் அடித்த எழுத்து மாதிரியை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். நாளைக்கு ஒரு துண்டறிக்கை கிடைத்தால் எந்த வீட்டுப் பொறி என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என் நாட்டில் எங்கு பார்த்தாலும் கேமரா வைத்திருந்தேன். பாதியை எடுத்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை தட்டச்சுப் பொறியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர் படுகிற பாட்டைக் கேமரா சொல்லாது. கொஞ்சம் தேய்ந்த ஓர் எழுத்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அவர் அந்த வரிசையில் நின்றுகொண்டு யோசிப்பார்.

ஜூன் 22

இந்தப் பகுதியை எழுதக் கை நடுங்குகிறது, சந்தோஷத்தில்.

1968 ஆகஸ்ட் 25, மாஸ்கோ. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்து நான்கு நாள்தான் ஆகிறது. நண்பகலில் எட்டுப் பேர் செஞ்சதுக்கத்தில், லோப்னயே மெஸ்தோ என்ற பழைய கல் மேடைக்கு அருகே உட்கார்ந்து பதாகைகளை விரித்தார்கள். சில நிமிடம்தான். சீருடை இல்லாத ஆட்கள் பாய்ந்து வந்து அடித்தார்கள். விக்தர் ஃபைன்பெர்க்கின் பற்கள் உடைந்தன. அந்த முகத்தோடு அவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

கவிஞர் நதால்யா கர்பனேவ்ஸ்காயா வந்தது மூன்று மாதக் கைக்குழந்தையோடு, தள்ளுவண்டியில். அக்காவின் கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இவர் வீட்டில் இருந்தவரைக் கூடவே அழைத்து வந்துவிட்டார். பச்சைக் குழந்தை இருந்ததால் அப்போது சிறையில் வைக்கவில்லை. 1969 இறுதியில் கைது செய்து, அவரையும் மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். 1972இல்தான் விட்டார்கள்.

எட்டாவது ஆள் தத்யானா பாயேவா, வயது 21. தற்செயலாக அங்கே நின்றேன் என்று சொல்லிவிடு என்று மற்றவர்கள் அந்தப் பெண்ணை வற்புறுத்தினார்கள். அவளும் அப்படியே சொன்னாள், விடுதலையானாள். அவளோடு உட்கார்ந்திருந்தவர்கள் சிறைக்கும், நாட்டுக்குள்ளேயே தொலைதூர இடங்களில் கட்டாயக் குடியிருப்புக்கும், மருத்துவமனைக்கும் போனார்கள்.

நான் எழுதியிருந்தால் அவள் மறுத்திருப்பாள். "நானும் உங்களோடு வருகிறேன்" என்று ஒரு வசனம் வைத்து அழ வைத்திருப்பேன். அந்த மனிதர்கள் அதைவிட நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள். அடிபட்டு நிற்கும்போதும் நம்மில் ஒருத்தியாவது வீடு போய்ச் சேரட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 26

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1989 அக்டோபர் 9, ஆட்சியை எதிர்த்து ஏறத்தாழ 70,000 பேர் தெருவில். எதிரே ஆயுதத்தோடு போலீசும் படையும், மருத்துவமனைகளில் இரத்தம் தயார். சுடவில்லை. பெர்லினிலிருந்து தெளிவான உத்தரவு வராததால் உள்ளூர் அதிகாரிகள் படையைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஆட்சி கவிழ்கிற நாளும் சிலசமயம் இப்படித்தான் இருக்கிறது: ஓர் அறையில் ஒரு டெலிபோன், அது அடிக்கவில்லை.

நிக்கோலாய் தேவாலயத்து மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நடந்தார்கள். மெழுகுவர்த்திக்கு இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, இன்னொன்று காற்று அணைக்காமல் மறைக்க. கல் எடுக்கக் கை மிச்சமிருக்காது. ஆனால் அந்தத் தேவாலயத்தில் திங்கள்கிழமைப் பிரார்த்தனை தொடங்கியது 1982இல். கொஞ்சம் பேரோடு கழிந்த அந்த ஏழு வருடத்தை எழுதாமல் 70,000 பேரை எழுதினால் யார் நம்புவார்கள்?

ஜூலை 1

ஏழாம் அத்தியாயத்தை முழுக்க அழித்தேன். சதுக்கம் இல்லை, பேச்சு இல்லை.

புதிய அத்தியாயத்தில் அவள் சாயங்காலம் வேலை முடிந்து குடியிருப்புப் படிக்கட்டில் ஏறுகிறாள். கையில் தம்பிக்கு வாங்கிய பால். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஓர் அட்டை கிடக்கிறது. எடுத்துப் படிக்கிறாள். அதில் "அரிசி" என்ற சொல்லைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிழையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைக்கிறாள்.

கீழே பராமரிப்பு ஊழியரின் சாவிக்கொத்துச் சத்தம் ஏறி வருகிறது. இன்று இதுவரைதான் எழுத முடிந்தது. அவள் அட்டையைப் பால் தூக்குக்கு அடியில் பிடித்தபடி இன்னும் அங்கேயே நிற்கிறாள்.